எங்களை முந்திய சக்கரம்

எங்கள் காரின் சக்கரம் எங்களை முந்திக்கொண்டு போனது. அது எங்களுடையது என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் எது வேண்டுமானாலும் உருண்டு வரும். லாரியிலிருந்து விழுந்த டயர், காலி பீப்பாய், ஒருமுறை மூட்டை அவிழ்ந்த தர்பூசணிகள். அதனால் என் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே ஒரு சக்கரம் நேராக நிமிர்ந்து ஓடியபோது, யாருடையதோ, பாவம் என்றுதான் நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் காரின் முன் இடது மூலை தரையில் விழுந்தது. இரும்பு தாரில் இழுபடும் சத்தம் என் பற்களுக்குள் கேட்டது. ஓட்டிக்கொண்டிருந்த என் மகள் ஸ்டீரிங்கைப் பிடித்து இழுத்தாள். "மா, பிடிச்சுக்கோ" என்றாள். எதைப் பிடிப்பது?

எண்ணூரில், பள்ளியில் என்னுடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவரின் புதுமனை புகுவிழாவுக்குப் போய்விட்டு இராயபுரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்தத் திசையில் வரும்போது கடல் இடது பக்கம் இருக்கும். அலைத்தடுப்புக்காகக் கொட்டிய கருங்கற்கள், அதற்கு முன்னால் சாலையோரம் மீனும் கருவாடும் விற்கிறவர்களின் குடைகள். கழன்ற சக்கரம் இடப்பக்கமாகச் சாய்ந்து, வேகம் குறையாமல் அந்தக் குடைகளை நோக்கிப் போனது. கார் நின்றுவிட்டது, சக்கரம் நிற்கவில்லை.

ஒரு பெண் கருவாட்டுக் கூறுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு குழந்தை. சக்கரம் அவளுடைய பெரிய குடையின் கம்பத்தில் மோதி எகிறிக் கற்களுக்குள் போய் விழுந்தது. குடை அவர்கள் இருவர் மேலும் கவிழ்ந்தது.

குடை அசையவில்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் கதவைத் திறந்தேன். கார் சாய்ந்திருந்ததால் கதவு தரையில் இடித்துப் பாதியில் நின்றது. அந்த இடுக்கு வழியாக எப்படி வெளியே வந்தேன் என்று இன்றும் தெரியவில்லை. எங்களுக்குப் பின்னால் ஒரு கன்டெய்னர் டிரெய்லர் காற்று பிரேக்கின் சீறலோடு கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்ததை அப்போது நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது குடையை மட்டும்தான். ஊதா நிறம், ஓரத்தில் ஒரு கிழிசல்.

பிறகு குடைக்கு அடியிலிருந்து ஒரு கை வந்தது. அடுத்து அந்தக் குரல்.

"எந்தப் பாடையில போறவன்டா அவன்! குந்திகினு கீற பொம்பள மேல வீல வுட்றான்!"

நான் அழுதுவிட்டேன். வாழ்நாளில் கேட்ட வசைகளில் அவ்வளவு இனிமையானது வேறில்லை. குடையைத் தள்ளிக்கொண்டு அவள் எழுந்தாள். குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. கையில் பிஸ்கட், முகத்தில் ஆச்சரியம், ஒரு கீறல்கூட இல்லை. நான் குழந்தையின் தலை, கை, கால் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"இன்னா இப்ப தடவிப் பாக்குற? இன்னும் ஒரு ஜாண் இப்டிக்கா வந்திருந்தா? எம் புள்ள இன்னா ஆயிருக்கும்? வண்டி ஓட்றது யாரு, உன் புருசனா? அவனக் கூப்புடு!"

"என் பொண்ணும்மா."

என் மகள் அதற்குள் காரிலிருந்து இறங்கி வந்திருந்தாள். அவளுடைய உதடு ஆடியதே தவிரப் பேச்சு வரவில்லை. அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். வாயில் வந்ததை அப்படியே நிறுத்திக்கொண்டு, கவிழ்ந்த முக்காலியை நிமிர்த்திப் போட்டாள்.

"இந்தா, குந்து. மொதல்ல தண்ணி குடி. அப்பால திட்றேன்."

*

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகள் டிப்ளமோவில் மெக்கானிக்கல் படித்தவள்; மணலியில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. சொந்தச் சம்பளத்தில் ஒரு பழைய சின்னக் காரை வாங்கினாள். என் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பதால் வீட்டில் பெரும்பாலும் நாங்கள் இருவர்தான். கார் வந்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. அதைத் தாழ்த்தப்போகிறேன் என்றபோது புரியவில்லை.

"எதுக்குத் தாழ்த்தணும்?"

"ஒட்டகம் மாதிரி நிக்குதும்மா. பாக்க நல்லால்ல."

ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டுக் குட்டையானவற்றைப் போட்டாள். டயருக்கும் அதற்கு மேலுள்ள வளைவுக்கும் நடுவில் முன்பு என் உள்ளங்கை போகும்; இப்போது விரல் நுனிதான் போனது. அடுத்ததாக ஸ்பேசர். சக்கரம் பூட்டப்படும் ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைக்கிற கனமான அலுமினியத் தட்டு அது. உள்ளடங்கி இருக்கும் சக்கரத்தை வெளியே தள்ளி, காரின் உடம்போடு ஒட்டினாற்போல் நிறுத்தும். அவள் வாங்கிய வகையில் அந்தத் தட்டு முதலில் ஹப்பில் நட்டு போட்டு முடுக்கப்படும். தட்டிலேயே தனியாக போல்ட்டுகள் இருக்கும்; சக்கரம் அவற்றில் மாட்டப்படும். சக்கரத்தை மாட்டியபின் உள்ளே இருக்கும் நட்டுகள் கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் எட்டாது.

அழகாகத்தான் இருந்தது. பாய்வதற்குப் பதுங்கிய பூனை மாதிரி. ஆனால் எங்கள் பகுதியில் ஓட்ட வேண்டுமே. தெருவுக்குத் தெரு அவரவரே சிமென்ட் குழைத்துப் போட்ட வேகத்தடைகள். அவை வந்தால் என் மகள் காரை நிறுத்தி, "மா, கொஞ்சம் இறங்கிக்கோயேன்" என்பாள். என் எடை இறங்கினால்தான் வண்டியின் வயிறு இடிக்காது. நான் இறங்கி வேகத்தடையைத் தாண்டி நடந்து, அந்தப் பக்கம் ஏறிக்கொள்வேன். தெருமுனை இஸ்திரிக் கடைக்காரர் விடமாட்டார். "இன்னா டீச்சர், கார் வாங்கியும் நடந்துகினேதான் போறீங்க?"

எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. பயப்படுவது என் சுபாவம். மழைத் தண்ணீர் உள்ளே போகுமா, போலீஸ் நிறுத்துமா, டிரெய்லர்காரனுக்கு இவ்வளவு தாழ்வான கார் கண்ணில் படுமா என்று ஒவ்வொன்றாகப் பயந்தேன். சக்கரம் கழன்று விழும் என்று ஒரு நாளும் பயந்ததில்லை. காரணம் என் மகளின் ரெஞ்ச். எவ்வளவு இறுக்க வேண்டுமோ அவ்வளவு வந்ததும் 'டிக்' என்று சத்தம் போடுகிற ரெஞ்ச் அது. வாரந்தோறும் நான்கு சக்கரங்களையும் அதை வைத்துச் சரிபார்ப்பாள். அடுப்படியில் இருந்தபடி நான் அந்த டிக் சத்தத்தைக் கேட்பேன். கேட்டால் மனம் அமைதியாகிவிடும்.

அன்று வரும் வழியிலேயே ஸ்டீரிங் உதறியது. "என்னடி இப்படி ஆடுது?" என்று கேட்டேன். "டிரெய்லர் ஓடி ஓடி ரோடு பள்ளமாயிடுச்சும்மா" என்றாள். அந்தச் சாலையைத் தெரிந்த யாரும் அதை நம்புவார்கள். நானும் நம்பினேன்.

*

குப்பத்துப் பையன்கள் இருவர் கற்களுக்குள் இறங்கிச் சக்கரத்தைத் தூக்கி வந்தார்கள். அவர்களில் ஒருவன், "அக்கா, உங்க வீலு ஷோக்கா கடல்ல குளிச்சிட்டு வந்துகீது" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனே கொஞ்சம் தலையைச் சொறிந்துகொண்டு, சக்கரத்தைக் காருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தான்.

என் மகள் அதன் முன் மண்டியிட்டாள். ஸ்பேசர் சக்கரத்தோடேயே வந்திருந்தது. வெளி நட்டுகள் எல்லாம் அவள் முடுக்கியபடி அப்படியே இருந்தன. அவிழ்ந்தது உள்ளே இருந்தவை. ஹப்பில் சில போல்ட்டுகள் முறிந்து பளபளத்தன. மிச்சமிருந்தவற்றில் நட்டே இல்லை.

"நான்தாம்மா. நான்தான் சரியா டைட் பண்ணல" என்றாள். "அந்தக் குழந்தை..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் குனிந்தேன். அப்போதுதான் ஹப்பின் முகத்தில் கறுப்பாக, மினுமினுப்பாக அப்பியிருப்பதைப் பார்த்தேன். போல்ட்டுகளின் மரைகளிலும் அதுவே. விரலால் தொட்டு முகர்ந்தேன். அந்த வாசனையில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். படகு கிரீஸ்.

"இது நீ போட்டியா?"

"நான் கிரீஸே போடலம்மா. போடவே கூடாது. காய்ஞ்சுதான் இருக்கணும்."

யார் போட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போடும்போது நான் பார்த்திருக்கிறேன்.

என் தம்பி விசைப்படகில் இன்ஜின் டிரைவர். கடலுக்குப் போனால் நாட்கணக்கில் வரமாட்டான். வந்தால் காசிமேட்டில் படகு பழுது பார்க்கும் கொட்டகையில்தான் கிடப்பான். சில வாரங்களுக்கு முன் ஒரு வேகத்தடையில் இடித்து எங்கள் காரின் முன் பம்பர் பிளந்துவிட்டது. ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடுகிற அவனுடைய தோஸ்து ஒருவர் பம்பரையும் ஒட்டித் தருவதாகச் சொல்ல, என் மகள் காரை அங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். மதியம் நான் தம்பிக்குச் சோறு கொண்டுபோனேன். பம்பர் ஒருபக்கம் காய்ந்துகொண்டிருந்தது. தம்பியின் கைகளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சக்கரங்களைக் கழற்றி, ஸ்பேசர்களையும் கழற்றி, தட்டின் இரண்டு முகத்திலும் மருதாணி அப்புகிற மாதிரி கிரீஸ் அப்பிக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ற?"

"பாருக்கா, பாப்பா எல்லாத்தையும் வறட்டு வறட்டுனு பூட்டிகீது. இந்த உப்புக் காத்துக்குத் துரு புடிச்சா அப்பால வெட்டித்தான் எடுக்கணும். மாமன் கீறேன்ல, நான் பாத்துக்குறேன்."

எனக்கு அதில் எந்தத் தவறும் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் கிரீஸ் படாத இரும்பு கிடையாது. கதவுக் கீல், சைக்கிள், தண்ணீர்க் குழாய், எனக்குக் கல்யாணச் சீராக வந்த பீரோவின் பூட்டு வரைக்கும். அந்தப் பூட்டால் என் பட்டுப்புடவை ஒன்று பாழானது. கடலோரத்தில் இரும்பு வைத்திருப்பவர்களுக்கு கிரீஸ் என்பது சோற்றுக்கு உப்பு மாதிரி. போட்டேன் என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. அவனும் பாப்பாவிடம் சொல்லவில்லை. தன் பெரிய ஸ்பேனரால் முடுக்கிக் கொடுத்துவிட்டான். அதன்பின் வாரந்தோறும் அவள் சரிபார்த்ததெல்லாம் வெளி நட்டுகளை. அவை டிக் டிக் என்று சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

"நட்டு அவிழாம நிக்கிறதே உராய்வாலதாம்மா" என்றாள் மகள், கொட்டகையில் பார்த்ததை நான் சொன்னதும். எட்டாம் வகுப்பில் உராய்வுப் பாடம் நடத்துகிறவள் நான். அவள் சொல்லிக்கொண்டே போனாள். படகில் கிரீஸ் போட்டாலும், நட்டுக்குக் குறுக்கே ஒரு கம்பிப் பின்னைச் செருகி மடக்கிவிடுவார்கள். இன்ஜின் எவ்வளவு அதிர்ந்தாலும் அது அவிழாது. கார் சக்கரத்தில் அந்தப் பின் கிடையாது. சாதாரணச் சக்கரம் என்றால் ஒருவேளை தப்பித்திருக்கும். ஸ்பேசர் போட்டதால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கிறது, ஒவ்வொரு பள்ளத்திலும் கூடுதலாக நெம்புகிறது. வழுக்குகிற தட்டு கொஞ்சம் கொஞ்சமாக ஆடி, போல்ட்டுகளை அறுத்துவிட்டது.

பையன்கள் ஜாக்கி கொண்டுவந்து தூக்கிக் கொடுக்க, மற்ற மூன்று சக்கரங்களையும் கழற்றிப் பார்த்தாள். மூன்றிலும் கிரீஸ். நான் சாய்ந்து உட்கார்ந்து வந்த இருக்கைக்கு நேர் பின்னால் இருந்த சக்கரத்தின் உள் நட்டு, அவள் விரலாலேயே சுழன்றது.

கருவாட்டுக்காரப் பெண் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் இன்னிக்கு மறுஜென்மம் எடுத்துகீறீங்க. வூட்டுக்குப் போயி சுத்திப் போட்டுக்கோங்க" என்றாள். திட்டுவதாகச் சொன்னதை மறந்துவிட்டாள் போலிருந்தது.

*

"மாமாகிட்ட சொல்லாதம்மா. தாங்காது" என்று மகள் கேட்டுக்கொண்டாள். தம்பி அப்போது கடலில் இருந்தான். கார் எங்கள் வீட்டுக்கு முன்னால், சக்கரங்கள் இல்லாமல், ஹாலோ பிளாக் கற்களின்மேல் நின்றது. நான் சாப்பிட்டேன், பள்ளிக்குப் போனேன், பாடம் நடத்தினேன். ஆனால் கண்ணை மூடினால் அசையாத ஊதாக் குடை. பஸ்ஸில் ஏறும் முன் குனிந்து சக்கரத்தின் நட்டுகளைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. கண்டக்டர் ஒருவர், "இன்னாம்மா, எதையாச்சும் தொலைச்சிட்டியா?" என்று கேட்டார்.

தம்பி ஒரு விடியற்காலையில் வந்தான். படகு கரை சேர்ந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வருவது அவன் வழக்கம். கையில் பையில் சங்கரா மீன்.

"இன்னாக்கா, வண்டி கல்லு மேல குந்திகினு கீது?"

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அவன் பையைக் கீழே வைத்துவிட்டு, சக்கரமில்லாமல் நிற்கும் காரின் ஹப்பைத் தடவிப் பார்த்து, "பாத்தியா, தொடைச்சி வெச்சிகீது. துரு புடிச்சிடும், இரு, கிரீஸ் எட்த்தாரேன்" என்று கிளம்பினான். சொல்லிவிட்டேன். சாலை, சக்கரம், குடை, குழந்தை, எல்லாவற்றையும் நின்றவாக்கில் சொன்னேன். மகள் வாசலில் வந்து நின்றாள்.

"கொயந்தைக்கு?"

"ஒண்ணும் ஆகலடா. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் அவன். நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான். தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். ரேகைகளில் எப்போதும் இருக்கும் கறுப்பு.

பிறகு தலை நிமிர்ந்தான். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"அக்கா. மீன் வண்டி."

"எந்த மீன் வண்டி?"

கொட்டகைக்குப் பக்கத்தில் நிற்கும் சின்ன லோடு வண்டி. அதன் டிரைவர் பாப்பாவின் காரைப் பார்த்துவிட்டு, லோடு ஏற்றினால் ஆடாமல் இருக்கும் என்று பின் சக்கரங்களுக்கு ஸ்பேசர் வாங்கியிருக்கிறார். என் தம்பிதான் பூட்டிக் கொடுத்தான். நிறைய கிரீஸ் போட்டு. விடிந்ததும் கூடைகளோடு மீன்காரப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி அது.

தம்பி ஃபோன் போட்டான். எடுக்கவில்லை. மறுபடி போட்டான். ஏலம் நடக்கிற நேரத்தில் துறைமுகத்தில் யாருக்கும் ஃபோன் காதில் விழாது.

டிரிபிள்ஸ் போகிற மாணவர்களைப் பள்ளி வாசலில் நிறுத்தித் திட்டுகிறவள் நான். அன்று எங்கள் ஸ்கூட்டியை மகள் ஓட்ட, நடுவில் தம்பி, பின்னால் நான், என் மடியில் அந்த ரெஞ்ச். ஸ்கூட்டி எத்தனை பேரை உரசிக்கொண்டு போனதோ தெரியாது.

வண்டி புறப்பட்டுவிட்டிருந்தது. நல்லவேளை, மீன்பிடித் துறைமுக வாசலில் ஐஸ் லாரி ஒன்று குறுக்கே நின்றதால் நகர முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பின்னால் கூடைகளின்மேல் பெண்கள். என் தம்பி ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றான்.

"இன்னா மாமு, காலங்காத்தால?" என்றார் டிரைவர். "நவுரு."

"எறங்கு. ஜாக்கி எடு."

"எதுக்கு? வண்டி நல்லாதான கீது. நேத்துகூட பழவேற்காடு போயிட்டு வந்தேன்."

"டேய், எறங்குடான்றேன்!"

மேலே இருந்து ஒரு பெண் கத்தினாள். "யோவ், மீனு கெட்டுப்பூடும்யா! உன் பேஜாரையெல்லாம் சாயங்காலம் வெச்சிக்கோ!"

தம்பி கேட்கவில்லை. தானே ஜாக்கியை இழுத்து வண்டிக்கு அடியில் சொருகினான். வண்டி ஒருபக்கம் எழும்ப, பெண்கள் கூடைகளைப் பிடித்துக்கொண்டு அவனுடைய பரம்பரையையே இழுத்தார்கள். என் மகள் சக்கரத்தைக் கழற்றி எடுத்தாள். உள்ளே தட்டு, அதன்மேல் நட்டுகள், எல்லாம் அதே கறுப்பு மினுமினுப்பு. அவள் ஒரு நட்டை விரலால் பிடித்துத் திருப்பினாள். திரும்பியது. திருகிக்கொண்டே வந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது.

டிரைவர் அதைப் பார்த்தார். பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். முதலில் கத்திய பெண், யாரும் சொல்லாமலே, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கீழே இறங்கினாள். பிறகு ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள்.

யாரோ ஒரு போத்தலில் மண்ணெண்ணெய் கொண்டுவந்தார்கள். தம்பி தன் தோளில் கிடந்த துண்டை நனைத்து மரைகளைத் துடைத்தான். திரும்பத் திரும்பத் துடைத்தான். மகள் அவன் கையைப் பிடித்து, "போதும் மாமா, சுத்தமாயிடுச்சு, நான் டைட் பண்றேன்" என்றபிறகுதான் விட்டான்.

அவள் ரெஞ்சைப் போட ஆரம்பித்தாள். அவன் நடைபாதை ஓரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எதிரே துறைமுகத்திலிருந்து வண்டிகள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தன. ஆட்டோக்கள், டெம்போக்கள், லோடு வண்டிகள். அவன் ஒவ்வொன்றின் சக்கரத்தையும் பார்த்தான். உதடு லேசாக அசைந்தது.

"என்னடா?" என்றேன்.

"சும்மாரு அக்கா" என்றான், கண்ணை எடுக்காமல். "வேற யாருக்கெல்லாம் போட்டேன்னு யோசிச்சிகினு கீறேன்."